நின்ற காரில் உதறிய பிரேக்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தால் கைதட்டியே சிரித்திருப்பேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். மீட்டரில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை, மற்றதெல்லாம் டீ குடிக்கும்போது பேசுகிற பேச்சு. எங்கள் அலுவலக லிஃப்ட் யாரும் பொத்தானை அழுத்தாமலே மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்த காலத்தில், செத்துப்போன ஸ்டோர் கீப்பர்தான் அங்கே ஏறுகிறார் என்று பாதிப்பேர் படிக்கட்டில் ஏறிப் போனார்கள். நான் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஒரு ரிலேவை மாற்றவைத்து, மறுநாள் அத்தனை பேரையும் லிஃப்டில் ஏற்றி இறக்கிக் காட்டினேன். அப்படித் திமிர் பிடித்து அலைந்தவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஹைதராபாத்தில் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்த சமயம் அது. நாங்கள் சைனிக்புரியில், தெலுங்கு மரியாதையில் ராவ் காரு என்று கூப்பிடுகிற வீட்டுக்காரர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். ராவ் காரு விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போதுகூட யூனிஃபார்ம் போட்டவர் மாதிரிதான் நிற்பார். என் மனைவி வசந்தி ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தாள். அவளை ஆறு மாசத்துக்கு அமெரிக்கா போகச் சொன்னார்கள். பொதுவாகப் புருஷன் ஆன்சைட் போவான், பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இங்கே கிடப்பாள். எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. ஏழு வயது மகள் நித்யாவுக்குச் சடை பின்னி, டப்பா கட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அலுவலகம் போகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சடையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே செய்தேன்.

வசந்திக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தது சைனிக்புரியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஒரு பழைய ராணுவ ஹவில்தார். எல்லையில் சேற்றிலும் பனியிலும் லாரி ஓட்டிய மனிதர். அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது, வழுக்கும் ரோட்டில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கக்கூடாது, "தபாவ், சோடோ, தபாவ், சோடோ" என்று அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வண்டியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது. சைனிக்புரியில் அந்தக் காலத்தில் கார் ஓட்டக் கற்ற எல்லோருமே இப்படித்தான் ஓட்டுவார்கள், மழை வந்தால் எங்கள் காலனிக் கார்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்து நிற்கும். எங்களிடம் இருந்த பழைய சின்ன வெள்ளைக் காருக்கு அது சரியான முறைதான், அதில் நான் பொய் சொல்லவில்லை. அதையேதான் வசந்தியின் மண்டையிலும் ஏற்றியிருந்தேன். அவள் ஒருமுறை மறந்து ஒரேயடியாக மிதித்ததற்கு ரோட்டு ஓரத்திலேயே வண்டியை நிறுத்தச்சொல்லி அரைமணி நேரம் கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வீடு வரை ஓட்டினாள். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

அவள் போன ஊர் மினசோட்டா. டிசம்பர் கடைசியில் பனி கொட்ட ஆரம்பித்தது. அங்கே பஸ்ஸும் கிடையாது ஒன்றும் கிடையாது, கார் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது என்று அவளும், அவளோடு தங்கியிருந்த சேலத்துப் பெண் ஜெயந்தியும் சேர்ந்து ஒரு பழைய பெரிய கார் எடுத்திருந்தார்கள். ஜனவரியில் ஒருநாள், எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், அவளுக்கு அன்றைய காலை, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"என்னங்க, இந்தக் கார் பிரேக் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். வரும்போது ஒரு சிக்னல்ல மிதிச்சேன், உள்ள ஏதோ உடையற மாதிரி கர்ர்ருன்னு சத்தம். பெடல் அப்படியே காலை உதைக்குது. மிக்ஸியில கொட்டாங்குச்சி மாட்டின மாதிரி, பாதத்துல இருந்து முட்டி வரைக்கும் அதிருது. பயந்தே போயிட்டேன்."

"அப்புறம் என்ன செஞ்சே?"

"காலை எடுக்கல. எப்படியோ நின்னுச்சு. முன்னாடி கார் பக்கத்துல போய்த்தான் நின்னுச்சு."

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியாது, யாரையாவது விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நானா சொல்வேன்? பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, கண்ணால் பார்க்காத ஒரு காருக்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பு எழுதினேன்.

"ஏம்மா, எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பெடல் உதைச்சா உடனே காலை எடு. எடுத்துட்டு விட்டு விட்டு அழுத்து. ஒரேடியா மிதிச்சுட்டே இருந்தா உள்ள இருக்கறதெல்லாம் பிய்ஞ்சிடும். சனிக்கிழமை மெக்கானிக்கிட்ட காட்டு. அதுவரைக்கும் உதைச்சா எடுத்துடு, புரியுதா?"

"சரிங்க. உதைச்சா எடுத்துடறேன்," என்றாள். நான் சொன்னால் அப்படியே செய்கிறவள். அதுதான் வினை.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும், பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கினேன். ராவ் காரு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மேடம் எப்படி இருக்கிறார்கள் என்று வழக்கம்போல் கேட்டார். அமெரிக்கக் காரின் லட்சணத்தைக் கொஞ்சம் நக்கலாகவே சொன்னேன், பெடல் உதறுகிறதாம், சத்தம் வருகிறதாம், காலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று. அவர் கையில் இருந்த ரப்பர் குழாயைக் கீழே போட்டார்.

"அய்யோ, காலு தீயொத்தனி செப்பண்டி! எடுக்க வேணாம்னு சொல்லுங்க!" என்று தெலுங்கிலும் தனக்குத் தெரிந்த தமிழிலும் கத்தினார். "அது ஏபிஎஸ். பிளேன்ல எப்பவோ வந்துடுச்சு. வீல் லாக் ஆகப்போகுதுன்னா அதுவே பிடிச்சு விடும், பிடிச்சு விடும், ஒரு செகண்டுல பத்துப் பதினைஞ்சு தடவை. மனுஷன் கால் அத்தனை தடவை போடுமா? அந்த உதறல்தான் அது வேலை செய்யற சத்தம். காலை எடுத்தா அதுவும் விட்டுடும். பிரேக்கே இருக்காது."

ஏபிஎஸ் என்கிற மூன்று எழுத்தை விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். அது காலுக்கு எப்படி இருக்கும், காதுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தண்ணீர் குழாயிலிருந்து என் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. நானே என் வாயால், உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றை விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

ஓடினேன். அப்போதெல்லாம் காலிங் கார்டுதான், முதலில் ஒரு நம்பர், அப்புறம் கார்டைச் சுரண்டியெடுத்த ரகசிய நம்பர், அப்புறம் அவள் நம்பர், நடுவில் ஒரு பெண்மணி உங்களிடம் இத்தனை நிமிஷம் இருக்கிறது என்று நிதானமாக ஆங்கிலத்தில் பேசுவாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். அவள் மேஜை போன் அடித்துக்கொண்டே இருந்தது. செல்போன் நேராக வாய்ஸ் மெயிலுக்குப் போனது. அங்கே அப்போது இரவு எட்டு மணி ஆகப்போகிறது, ஹைதராபாத் டீமோடு மீட்டிங் முடித்துவிட்டு எட்டரை வாக்கில் வீட்டுக்குக் கிளம்புவாள் என்று எனக்குத் தெரியும். "வசந்தி, நான் சொன்னது தப்பு. காலை எடுக்காதே. உதைச்சாலும் எடுக்காதே. நல்லா மிதிச்சுக்கிட்டே ஸ்டீரிங்கைத் திருப்பு," என்று வாய்ஸ் மெயிலில் சொல்லிவைத்தேன். இன்னும் மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அதையே சொன்னேன். கடைசித் தடவை என் குரல் அழுகிற குரலாக ஆகிவிட்டது, பக்கத்தில் நித்யா ஒற்றைச் சடையோடு நின்று, "ஏமைந்தி டாடி?" என்றாள். எங்கள் பிள்ளைக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். ஒன்றும் இல்லை என்று சொல்லி இன்னொரு சடையைக் கோணலாகப் பின்னிவிட்டேன்.

கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டது. கார்டு விற்கிற கடைக்காரன் ஒன்பது மணிக்குத்தான் திறப்பான். பிள்ளையைப் பள்ளியில் விட்டாக வேண்டும். என் செல்போனில் உள்ளூர் மட்டும்தான் பேச முடியும். வேறு என்ன செய்ய முடியும் நீங்களே சொல்லுங்கள். அங்கே அவள் கோட்டு மாட்டிக்கொண்டு பார்க்கிங்கில் நடக்கிறாள், கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறாள் என்பதெல்லாம் எனக்கு மனசில் ஓடிக்கொண்டே இருந்தது, நான் இங்கே ஜனவரி வெயிலில், காய்ந்த ரோட்டில், பிள்ளையை ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன்.

நித்யாவைப் பள்ளியில் இறக்கிவிட்டு மௌலா அலி வழியாக அலுவலகத்துக்குத் திரும்பினேன். மலை தெரிகிற ஒரு சந்திப்பில் எப்போதும் ஒரு ஹோம் கார்டு நின்று போக்குவரத்தைப் பார்ப்பார். காக்கி ஸ்வெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர். அவர் கையைக் காட்டினார், நான் பிரேக்கை மிதித்தேன். ரொம்ப மெதுவாகத்தான் வந்தேன், வண்டி சாதுவாக நின்றுவிட்டது.

பெடல் நிற்கவில்லை.

என் பாதத்துக்கு அடியில் அது உதைத்தது. முதலில் ஒரு உதை, அப்புறம் வரிசையாக, எண்ண முடியாத வேகத்தில். கர்ர்ர் என்று ஒரு சத்தம், ஜல்லியைத் தகரத்தில் கொட்டி அரைக்கிற மாதிரி, காரின் முன்பக்கம் எங்கேயோ கீழேயிருந்து. பாதத்திலிருந்து முட்டி வரைக்கும் அதிர்ந்தது. வசந்தி சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. கிளட்சை மிதிக்க மறந்ததில் இஞ்சின் குலுங்கி அணைந்துவிட்டது. சக்கரம் சுற்றவில்லை, இஞ்சின் ஓடவில்லை, ரோடு எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது, என் காரில் ஏபிஎஸ் என்கிற சமாசாரமே கிடையாது, நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். பெடல் உதறிக்கொண்டிருக்கிறது.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஹவில்தார் சொன்னதுதான். விடு. காலை எடு. இருபது வருஷப் பழக்கம், கால் தானாகவே மேலே வரப் பார்த்தது. அப்புறம்தான் எனக்குள் யாரோ அறைந்த மாதிரி உறைத்தது. இப்போது இது என்னுடைய பிரேக் இல்லை. ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடம் எந்த மீட்டரும் இல்லை. அவள் இப்போது வழுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் சொன்னபடி காலை எடுத்துவிட்டாள், இதை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வலது காலின் மேல் இடது காலையும் வைத்து, சீட்டில் முதுகைக் கொடுத்து, ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதித்தேன்.

ஸ்டீரிங் என் கையில் லேசாகிவிட்டது. நின்ற வண்டியின் ஸ்டீரிங் கல் மாதிரி இருக்கும், பவர் ஸ்டீரிங்கெல்லாம் கிடையாது. அது தண்ணீரில் மிதக்கிற தட்டு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. நான் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? அங்கே முன்னால் என்ன இருக்கிறது, லாரியா, பள்ளமா, சுவரா? எனக்கு மௌலா அலி மலைதான் தெரிகிறது, ஒரு முறுக்கு வண்டி தெரிகிறது, ரோட்டைக் கடக்கிற ரெண்டு பேர் தெரிகிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டு இன்னொருத்தர் உயிரைக் கையில் கொடுத்த மாதிரி. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. ஸ்டீரிங்கைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் போக்கில் விட்டுவிட்டு, காலை மட்டும் எடுக்காமல், "பிடி, பிடி, பிடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹோம் கார்டு வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"காடி நிகாலோ ஜி! கைக்கு ரோக்கே? பீச்சே பஸ் கடீ ஹை!"

வண்டியை எடு, ஏன் நிறுத்தினாய், பின்னால் பஸ் நிற்கிறது என்கிறார். ஐயா, நான் அரசாங்க ஊழியன். காக்கியைப் பார்த்தால் என் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். சொன்னால் வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் என் கை சாவிக்குப் போனது, இடது கால் கிளட்சுக்குப் போனது, வலது கால் மேலே வந்துவிட்டது.

சத்தம் நின்றது. சுத்தமாக, யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

ஒரு வினாடி இருக்கும். ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயோ என்று மறுபடி பாய்ந்து மிதித்தேன். மறுபடியும் வந்தது, கர்ர்ர் என்று, ஆனால் முன்பைவிடத் தளர்ந்து, விட்டு விட்டு. அப்புறம் பாதத்துக்கு அடியில் ஒரு தட்டு, டொக் என்று. அதோடு பெடல் பெடலாகிவிட்டது. ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹோம் கார்டு குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"இஞ்சன் தோ பந்த் ஹை நா? ஃபிர் ஏ ஆவாஜ் கைக்கு ஆ ரா தா?"

இஞ்சின் அணைந்துதானே இருக்கிறது, பிறகு ஏன் அந்தச் சத்தம் வந்தது என்று அவர் கேட்கிறார். நான் கேட்கவேண்டிய கேள்வி. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அது என் தொழில் புத்தி, எதுவானாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்வது. எட்டு பதினேழு. அவரே இன்னொரு ஆளைக் கூப்பிட்டு வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். நடைபாதையில் உட்கார்ந்துகொண்டேன், முறுக்கு வண்டிக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

அலுவலகத்துக்குப் போன் வந்தபோது மணி பத்தரை. ஜெயந்திதான் பேசினாள். "அண்ணா, பதறாதீங்க. அக்கா கார் ஸ்லிப் ஆகி விளக்குக் கம்பத்துல இடிச்சிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்லண்ணா. இடது முட்டி மட்டும் உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்காங்க. உங்களை அழக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க." நான் அழுதேன். பிரிவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அளவு பார்க்கிற கேலிப்பர் வைத்திருக்கிற மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரை மெக்கானிக்கிடம் விட்டு நாலு சக்கரத்தையும் கழற்றவைத்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு உருப்படியையும் நானே கையில் வாங்கிப் பார்த்தேன். டிரம் சரி, லைனிங் சரி, ஆயில் சரி. இஞ்சின் அணைந்து வண்டி நிற்கும்போது பெடல் உதறுமா என்று கேட்டேன். "சார், தபியத் டீக் ஹை நா?" என்று என் உடம்பைத்தான் விசாரித்தான் அவன். ஹோம் கார்டையும் தேடிப் போனேன், எனக்குத்தான் ஏதாவது மனப்பிராந்தியோ என்று. சத்தம் கேட்டதா என்றேன். "ஹவ் ஜி, சுனா நா," என்றார். கேட்டது, நன்றாகவே கேட்டது, ரோடு ரோலர் மாதிரி இருந்தது என்றார். ஆக எனக்குப் பைத்தியம் இல்லை. அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி.

வசந்தி இரண்டு மாசம் கழித்து, முட்டியில் உலோகத் தகடோடு, கையில் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தாள். என் வாய்ஸ் மெயில் நாலையும் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுதான் கேட்டாளாம். தப்பான யோசனை சொன்னதற்கு ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வந்த நாலாவது நாள் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, நான் ஒன்றும் கேட்காமல், அவளாகவே சொன்னாள்.

ரோடு இறக்கமாம். கீழே உப்புத் தூவுகிற பெரிய லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டு நின்றதாம். பிரேக்கை மிதித்தாளாம், பெடல் உதைத்ததாம்.

"நீங்க சொன்ன மாதிரியே காலை எடுத்துட்டேங்க. ஆனா பெடல் மேல வரலை. குனிஞ்சு பார்த்தேன். என் கால் மேல இருக்கு, பெடல் கீழயே அமுங்கிக் கிடக்கு. கர்ர்ருன்னு சத்தம் வந்துட்டே இருக்கு. வண்டி பிடிச்சுப் பிடிச்சுப் போகுது. ஸ்டீரிங்கைத் திருப்பினேன், சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. லாரிக்கு ஒரு முழம் தள்ளி வந்துட்டேன். தப்பிச்சுட்டோம்னு நினைச்சேன். அப்போ திடீர்னு விட்டுடுச்சு. சத்தமே இல்ல. கண்ணாடி மேல போற மாதிரி வழுக்கிட்டுப் போய்க் கம்பத்துல இடிச்சுது, இடிச்ச வேகத்துல திரும்பி இன்னும் வழுக்கிச்சு. அப்புறம் மறுபடியும் பிடிச்சுது. பிடிக்கலைன்னா அந்தப் பக்கம் ஏரிக்குள்ள போயிருப்பேன்."

போலீஸ் எழுதிக்கொடுத்த காகிதம் அவள் பையில் இருந்தது. இரவு எட்டு நாற்பத்தேழு என்று போட்டிருந்தது. இங்கேயும் அங்கேயும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் நூறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

காகிதத்தை மடித்து உறையில் போடும்போதுதான் அவள் அதைச் சொன்னாள், ஏதோ சாதாரணமாக, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே.

"ஒண்ணு மட்டும் போலீஸ்கிட்ட சொல்லலை, சிரிப்பாங்கன்னு. அது விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, வண்டி ஓடிட்டிருக்கும்போதே, யாரோ என் கண்ணாடியில ரெண்டு தட்டுத் தட்டினாங்க. வெளியில வெறும் பனிதான் இருந்துச்சு."

பனிக்கட்டி ஏதாவது விழுந்திருக்கும் என்று சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நின்ற காரில் பிரேக் உதறியதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். பாதி சொல்லியிருக்கிறேன். இரண்டு காலும் வைத்து மிதித்தேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹோம் கார்டு வந்ததையும், நான் காலை எடுத்ததையும் சொல்லவில்லை. இன்று உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன். அதற்காகத்தான் நீங்கள் நம்பாமல் இருந்தால்கூடத் தேவலை என்று ஆரம்பத்திலிருந்தே எனக்கு ஓர் எண்ணம்.

இப்போதும் குளிர்காலம் வந்தால் அவளுக்கு அந்த முட்டி குடையும். ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாள், காலையில் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுவது என் வேலை. தேய்க்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவளுக்கு அது நினைவு வந்துவிடும்.

"அவ்வளவு தூரம் பிடிச்சுட்டு வந்தீங்களே, அந்த ஒரு செகண்டு மட்டும் ஏங்க விட்டுச்சு?" என்பாள்.

கோபமாகக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். நான் கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு தேய்ப்பேன்.